மூலமும் படியும்: மின்னஞ்சல் கோப்புகள் பருத்த வரலாறு

முன்னுரை

மொழியியல் கற்ற ஒருவர் மின்னஞ்சல் கோப்பின் பருமனைப் பற்றிப் பொழிவாற்ற முன்வருவது உங்களுள் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். கணினிக் கூடத்துப் பணியாளர்கள் கவனிக்க வேண்டிய செய்தி என்று நீங்கள் கருதலாம். நானும் நெடுங்காலம் அப்படியே கருதினேன். அக்கருத்தினால் ஓர் இழப்பையும் அடைந்தேன். அவ்விழப்பைப் பின்னர்ச் சொல்வேன்.

அலுவலகத்திலோ பள்ளியிலோ மென்பொருளைப் புதுப்பிக்கும்போதெல்லாம் ஓர் அறிவிப்பு வருகிறது: அஞ்சல் கோப்பு பெரிதாகிவிட்டது, குறைத்துக்கொள்ளுங்கள். நாமும் பழைய கடிதங்களை அள்ளி அழிக்கிறோம். சில வேளைகளில் அழித்த பின்னும் கோப்பு சிறுப்பதில்லை. வேறு சில வேளைகளில் கோப்பு சிறுக்கிறது; அழியக் கூடாதது அழிந்துபோகிறது. இவ்விரண்டும் ஏன் நிகழ்கின்றன என்பதை வரலாற்று வழியில் பார்ப்பதே இப்பொழிவின் நோக்கம்.

பதிப்புத் துறையில் மூலம், படி என்று இரு சொற்கள் உண்டு. முதலில் எழுதப்பட்டது மூலம். அதைப் பார்த்து எழுதிக்கொண்டது படி. கையில் இருப்பது எது என்று அறியாமல் எந்தப் பதிப்பாசிரியரும் ஏட்டைக் களையத் துணியமாட்டார். மின்னஞ்சலுக்கும் இவ்விரு சொற்கள் பொருந்தும். நம் கணினியில் இருக்கும் அஞ்சல் கோப்பு மூலமா, படியா? இந்த ஒரு வினாவுக்கு விடை தெரிந்தால் மற்றவை எளிது.

1. கடிதம் இருக்கும் இடம்

ரே டாம்லின்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர் 1971இல் ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்குக் கடிதம் அனுப்பிக் காட்டினார். அக்காலத்தில் கடிதம் பெரிய பொதுக் கணினியிலேயே கிடந்தது. படிப்பவர் அக்கணினியோடு இணைந்த முனையத்தில் அமர்ந்து படித்தார். மேசைக் கணினிகள் பரவிய பிறகுதான் கடிதத்தைத் தம் கணினிக்கு இறக்கிக்கொள்ள வேண்டிய தேவை எழுந்தது.

அத்தேவைக்கு இரண்டு வழிகள் பிறந்தன. ஒன்று, 1984இல் முதலில் வரையறுக்கப்பட்டு, 1988இல் மூன்றாம் வடிவம் பெற்ற பாப் நெறிமுறை. இது நம் ஊர் அஞ்சல் நிலையப் பெட்டியைப் போன்றது. நாம் சென்று பெட்டியைத் திறந்து கடிதங்களை வீட்டுக்கு எடுத்து வருகிறோம், பெட்டி காலியாகிறது. வழங்கியில் ஒரு படியை விட்டு வைக்கும் ஏற்பாடு இருந்தாலும், வழங்கியில் இடம் மிகக் குறைவாக இருந்த காலத்தில் அதைப் பலர் பயன்படுத்தவில்லை. எனவே வீட்டுக் கணினியில் இருந்த கோப்பே மூலமாயிற்று.

மற்றொன்று, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிரிஸ்பின் 1986இல் உருவாக்கிய ஐமேப் நெறிமுறை. இது நூலகத்தைப் போன்றது. நூல் நூலகத்திலேயே இருக்கும். நாம் அங்கிருந்தே படிப்போம். வேண்டுமானால் ஒரு படி எடுத்து வைத்துக்கொள்வோம். இங்கே மூலம் வழங்கியில் உள்ளது. நம் கணினியில் இருப்பது படி.

நடைமுறையில் எந்த வழி ஓங்கியது என்பதை இடத்தின் விலை முடிவு செய்தது. 1996இல் தொடங்கிய ஹாட்மெயில் ஒருவருக்கு 2 மெகாபைட் இடமே தந்தது. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படத்துக்கே அவ்விடம் போதாது. ஆதலால் 1990களில் கடிதங்களைச் சேர்த்து வைக்க விரும்பியவர்கள் அவற்றைத் தம் கணினிக்கு இறக்கினார்கள். 2004ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் ஜிமெயில் 1 கிகாபைட் இடத்தோடு வந்தபோது நிலை தலைகீழாயிற்று. வழங்கியிலேயே எல்லாவற்றையும் வைத்திருக்கலாம் என்னும் எண்ணம் பரவியது. மூலம் வீட்டிலிருந்து வழங்கிக்கு இடம்பெயர்ந்தது. இடப்பெயர்வு ஒரே நாளில் நிகழவில்லை. பலருடைய கணினிகளில் பழைய மூலங்களும் புதிய படிகளும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன, இன்றும் கிடக்கின்றன.

2. எழுத்தின் எடை

தொல்காப்பியர் எழுத்தை மாத்திரையால் அளந்தார். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. அவ்வளவின்படி ‘தமிழ்’ என்னும் சொல் இரண்டரை மாத்திரை. கணினி எழுத்தை பைட்டால் அளக்கிறது. அவ்வளவின்படி ‘தமிழ்’ என்னும் சொல்லின் எடை காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது.

1982இல் வரையறுக்கப்பட்ட மின்னஞ்சல் விதிகள் ஆங்கில எழுத்துகளை மனத்தில் கொண்டவை. ஓர் எழுத்துக்கு 7 பிட் போதும் என்று அவை கொண்டன. பிற மொழி எழுத்துகளும் படங்களும் அந்த ஒடுங்கிய வழியில் செல்ல இயலவில்லை. 1992இல் நத்தானியல் போரன்ஸ்டீனும் நெட் ஃபிரீடும் வகுத்த மைம் என்னும் முறை இதற்கு வழி கண்டது. அது வழியை அகலப்படுத்தவில்லை. பொருளை வழிக்கு ஏற்ப மாற்றிக் கட்டியது. பேஸ்64 என்னும் கட்டு 3 பைட்டை 4 எழுத்தாக்கும். மேற்கோள் அச்சுமுறை என்று சொல்லத்தக்க மற்றொரு கட்டு, ஆங்கிலம் அல்லாத ஒவ்வொரு பைட்டையும் 3 எழுத்தாக்கும். 3 மெகாபைட் படத்தைக் கடிதத்தோடு இணைத்தால் அது 4 மெகாபைட்டுக்கு மேலாகச் செல்வதன் காரணம் இதுவே.

அந்தப் பத்தாண்டில்தான் தமிழ் இணையத்தில் காலூன்றியது. நம் வட்டாரத்துக்கு அதில் பெரும் பங்கு உண்டு. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி அவர்களும் மலேசியாவில் முரசு அஞ்சல் மென்பொருளைப் படைத்த முத்து நெடுமாறன் அவர்களும் ஆற்றிய பணியை ஆசிரியர்கள் அறிவீர்கள். 1997இல் சிங்கப்பூரில் முதல் தமிழ் இணைய மாநாடு நடந்தது. ஒவ்வோர் எழுத்துருவும் ஒவ்வொரு குறியேற்றத்தைக் கொண்டிருந்த குழப்பத்தை நீக்கப் பல நாட்டு ஆர்வலர்கள் மின்னஞ்சல் வழியாகவே கலந்துபேசி திஸ்கி என்னும் குறியேற்றத்தை அமைத்தார்கள். 1999இல் சென்னை மாநாட்டையொட்டி டாப், டாம் என்னும் இரு குறியேற்றங்கள் வந்தன. இவற்றுக்கு முன்பே, 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பில் தமிழ் இடம்பெற்றிருந்தது. எனினும் விண்டோஸ் 2000 போன்ற இயங்குதளங்கள் வந்த பிறகே அது பொதுமக்கள் கைக்கு எட்டியது.

இப்போது ‘தமிழ்’ என்னும் சொல்லை நிறுத்துப் பார்ப்போம். திஸ்கியில் தகரம் 1, மகரம் 1, இகரக் குறி 1, புள்ளியோடு கூடிய ழகர மெய் 1. ஆக 4 பைட். ஒருங்குறியில் அதே சொல் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். யுடிஎஃப்-16 வடிவில் வைத்தால் 10 பைட். யுடிஎஃப்-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் வேண்டும். ஆகவே 15 பைட். அதை மின்னஞ்சலில் பேஸ்64 கட்டில் அனுப்பினால் 20. மேற்கோள் அச்சுமுறையில் அனுப்பினால் 45. ‘கு’ என்னும் ஓரெழுத்து திஸ்கியில் 1 பைட்; யுடிஎஃப்-8இல் 6 பைட்.

இந்த எடை வேறுபாடு தமிழ்க் குறியேற்ற விவாதங்களில் ஒரு வாதமாகவே எழுந்தது. ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனிக் குறி தரும் டேஸ்16 முறையில் ‘தமிழ்’ மூன்றெழுத்து, 6 பைட். தமிழ்நாட்டு அரசு 2010இல் ஒருங்குறியோடு டேஸ்16ஐயும் தரமாக ஏற்றது. ஆயினும் கடிதப் போக்குவரத்தில் நிலைத்தது ஒருங்குறியே. உலகின் எந்த மூலையிலும் திறந்தால் படிக்க முடிகிறது என்னும் பயனுக்காக அந்தக் கூடுதல் எடையை நாம் ஏற்றுக்கொண்டோம். அது சரியான முடிவு என்றே நான் எண்ணுகிறேன்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் கோப்புகள் பருத்ததற்குத் தமிழ் எழுத்து முதற்காரணம் அன்று. ஆயிரம் பக்கத் தமிழ் உரையும் ஒருசில நிழற்படங்களின் எடைக்குள் அடங்கும். இணைப்புகளே பெருஞ்சுமை. அடுத்தது நம் மறுமொழிப் பழக்கம். முந்தைய கடிதம் முழுவதையும் கீழே வைத்துக்கொண்டே மறுமொழி எழுதுகிறோம். ஒரே அளவுள்ள இருபது கடிதங்கள் இவ்வாறு தொடர்ந்தால் கடைசிக் கடிதம் இருபது மடங்கு நீளும். இருபதையும் சேர்த்தால் 210 கடிதங்களின் எடை. மேலும், வண்ணமும் வடிவமும் கொண்ட கடிதத்தோடு அதே உரையின் வெறும் வடிவம் ஒன்றையும் பல மென்பொருள்கள் சேர்த்தே அனுப்புகின்றன.

3. மென்பொருள் புதிது, கோப்பு பழையது

மென்பொருள் புதுப்பிக்கப்படும்போது கோப்புக்கு என்ன நேர்கிறது என்பதற்கு அலுவலகங்களில் பெரிதும் வழங்கிய அவுட்லுக் மென்பொருளின் வரலாறு நல்ல சான்று. அது 1997இல் வெளிவந்தது. கடிதங்களை பிஎஸ்டி என்னும் ஒரே கோப்பில் சேர்த்தது. கோப்பின் உள்ளே ஒவ்வோர் இடத்தையும் சுட்ட 32 பிட் எண்ணைப் பயன்படுத்தியது. கோப்பின் உச்ச அளவு 2 கிகாபைட். 1997இல் அது எட்டாத எல்லையாகத் தோன்றியது. சில ஆண்டுகளில் பலர் அதை எட்டிவிட்டனர். எல்லையைத் தொட்ட கோப்பு திறக்க மறுக்கும் நிலையும் ஏற்பட்டது.

அவுட்லுக் 2003 புதிய வகைக் கோப்பைக் கொண்டுவந்தது. இடத்தைச் சுட்டும் எண் 64 பிட் ஆயிற்று; உரை ஒருங்குறியில் வைக்கப்பட்டது. உச்ச அளவு 20 கிகாபைட்டாகவும், 2010ஆம் ஆண்டுப் பதிப்பில் 50 கிகாபைட்டாகவும் உயர்த்தி வைக்கப்பட்டது. இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. மென்பொருளைப் புதுப்பித்ததனால் பழைய கோப்பு புதிய வகையாக மாறிவிடவில்லை. பழைய கோப்பைப் புதிய மென்பொருள் பழைய வகையாகவே திறந்தது. 2 கிகாபைட் எல்லையும் அப்படியே நீடித்தது. எல்லை நீங்க வேண்டுமானால் புதிய கோப்பைத் தோற்றுவித்துக் கடிதங்களை அதற்கு மாற்ற வேண்டியிருந்தது. மென்பொருள் புதிது என்பதனால் கோப்பும் புதிது என்று நம்பியவர்கள் ஏமாந்தார்கள்.

மாற்றியவர்களுக்கு மற்றொரு வியப்பு காத்திருந்தது. ஒற்றைப் பைட்டில் இருந்த உரை ஒருங்குறிக்கு வந்தபோது எழுத்துக்கு இரண்டு பைட்டாக விரிந்தது. தமிழர்களுக்கு இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. திஸ்கியில் எழுதிய கடிதத்தைக் கணினி ஐரோப்பிய எழுத்து என்றே கருதியது. அதனால் அந்த உரை இரு மடங்காக விரிந்தும் தமிழாகவில்லை. இடம் பெருகியது, படிக்கும் வாய்ப்பு பெருகவில்லை. திஸ்கி எழுத்துரு இல்லாத கணினியில் அது பொருளற்ற குறிகளின் வரிசையாகவே தெரியும்.

அழித்த பின்னும் கோப்பு சிறுக்காததற்கும் காரணம் உண்டு. பெரும்பாலான அஞ்சல் மென்பொருள்கள், அழிக்கப்பட்ட கடிதத்தை உடனே கோப்பிலிருந்து அகற்றுவதில்லை. ‘இது அழிக்கப்பட்டது’ என்று குறித்து வைக்கின்றன. அல்லது அதன் இடத்தை வெற்றிடமாக விட்டுவைக்கின்றன. தண்டர்பேர்டு மென்பொருளும் இவ்வழக்கத்தைக் கொண்டதே. வெற்றிடங்களை நீக்கிக் கோப்பை நெருக்கிக் கட்டும் செயல் தனியே நடைபெற வேண்டும். ஆங்கிலத்தில் காம்பாக்ட் எனப்படும் அச்செயலை நாம் ‘இறுக்கல்’ என்போம். ஆண்டு முடிவில் பதிவேட்டில் பெயர்களை அடித்துவிட்டாலும் பதிவேட்டின் தடிமன் குறைவதில்லை அல்லவா? இருப்பவர் பெயர்களை மட்டும் புதிய ஏட்டில் எழுதினால்தான் ஏடு மெலியும். இறுக்கல் செய்வதும் அதுதான். புதிய கோப்பை எழுத வட்டில் இடம் வேண்டும். வட்டு நிரம்பி வழியும் வரை காத்திருந்து இறுக்கத் தொடங்குவோர் இடமின்றித் தவிப்பர்.

இனி, படிக்கோப்பைப் பார்ப்போம். எக்ஸ்சேஞ்ச் வழங்கியோடு இணைந்தவர்களுக்கு அவுட்லுக், ஓஎஸ்டி என்னும் கோப்பை வைத்தது. இது வழங்கியில் உள்ள மூலத்தின் படி. 2003ஆம் ஆண்டுப் பதிப்பு முதல், வழங்கியிலிருந்து கடிதங்களைப் படியெடுத்து வைத்துக்கொண்டு படியிலிருந்தே வேலை செய்யும் முறை பெருவழக்காயிற்று. வழங்கியில் இடம் பெருகப் பெருக நம் கணினியின் படியும் பெருகியது. 2013ஆம் ஆண்டுப் பதிப்பு இரண்டு மாற்றங்களைச் செய்தது. எத்தனை மாதக் கடிதங்களைக் கணினியில் வைத்துக்கொள்வது என்று வரையறுக்கும் வசதி தரப்பட்டது. படிக்கோப்பைச் சுருக்கி வைக்கும் முறையும் வந்தது. ஆனால் முன்பே இருந்த படிக்கோப்பு தானாகச் சுருங்கவில்லை. பழையதை அகற்றி, வழங்கியிலிருந்து புதிதாகப் படியெடுத்தால்தான் பயன் கிடைத்தது. அதே பதிப்பில், ஐமேப் கணக்குகளின் கடிதங்களும் பிஎஸ்டி கோப்புக்கு மாறாக ஓஎஸ்டி கோப்பில் வைக்கப்படலாயின.

ஓர் ஒலி மாறினால் பொருள் மாறும் சொல்லிணைகளை மொழியியல் வகுப்பில் முதலில் கற்பிப்போம். கல், கால்; மனம், மணம். பிஎஸ்டி, ஓஎஸ்டி என்பனவும் அத்தகைய இணையே. ஓரெழுத்து வேறுபாடுதான். பிஎஸ்டி கோப்பை முழுவதும் அழித்தால் அதில் மட்டுமே இருந்த கடிதங்கள் அனைத்தும் போயின. ஓஎஸ்டி கோப்பை முழுவதும் அழித்தாலோ, இன்னும் அனுப்பப்படாதவை, கணினியில் மட்டும் வைத்திருந்தவை நீங்கலாக எதுவும் போகாது. வழங்கியிலிருந்து மீண்டும் படி எழுதப்படும். அதே ஓஎஸ்டிக்குள் புகுந்து ஒரு கடிதத்தை அழித்தால் வழங்கியில் உள்ள மூலமும் அழியும். ஏனெனில் மூலமும் படியும் ஒத்திருக்கும்படி மென்பொருள் ஓயாமல் சரிசெய்துகொண்டே இருக்கிறது. கோப்பை அழித்தால் கடிதம் பிழைக்கும். கடிதத்தை அழித்தால் மூலமே போகும். இயல்பறிவுக்கு மாறாகத் தோன்றும் இவ்வுண்மையை நான் காலந்தாழ்த்தி அறிந்தேன்.

4. என் கைப்பிழை

2000ஆம் ஆண்டையொட்டி நான் மலேசியத் தோட்டப்புறப் பேச்சுத் தமிழைத் தொகுத்து வந்தேன். தோட்டப் பள்ளிகளில் பணியாற்றிய ஆசிரியர்கள் பலர் தம் ஊர்ச் சொற்களை எனக்கு மின்னஞ்சலில் எழுதினார்கள். கித்தா, பெரட்டு, ஆயாக்கொட்டகை போன்ற சொற்களை நீங்கள் அறிவீர்கள். மலாய் மொழியின் ‘கெத்தா’ கித்தாவானதும், ஆங்கிலப் ‘பரேடு’ பெரட்டானதும் எல்லாருக்கும் தெரிந்தவை. அந்த ஆசிரியர்கள் அதற்கு மேலும் எழுதினார்கள். எந்தத் தோட்டத்தில் எந்தச் சொல்லுக்கு எந்த ஒலிப்பு, அதைச் சொன்ன மூதாட்டி எந்த ஊரிலிருந்து வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர், எந்தச் சூழலில் சொன்னார் என்றெல்லாம் எழுதினார்கள். கடிதங்கள் திஸ்கியில் இருந்தன. நான் அவற்றை அஞ்சல் மென்பொருளில் ஒரு தனி அடைவில் சேர்த்து வைத்தேன்.

சில ஆண்டுகள் கழித்து நான் பணியாற்றிய இடத்தில் மென்பொருளைப் புதுப்பித்தார்கள். என் பழைய கடிதங்கள் யாவும் வழங்கிக்கு ஏற்றப்பட்டன. என் கணினியில் ஒரு படி அமைந்தது. எனக்கு அந்த மாற்றம் விளங்கவில்லை. புதிய மென்பொருளில் திஸ்கிக் கடிதங்கள் பொருளற்ற குறிகளாகத் தெரிந்தன. கோப்பு பெருத்துக் கணினி தளர்ந்தது. ‘கோப்பைச் சிறிதாக்குங்கள்’ என்னும் அறிவிப்பு மீண்டும் மீண்டும் வந்தது. வழங்கியில் எல்லாம் இருக்கிறது, இங்கே இருப்பது வெறும் படிதானே என்று எண்ணி, ஒரு பிற்பகலில் அந்த அடைவை அழித்தேன். குப்பைக்கூடையையும் காலி செய்தேன். கோப்பு சிறுத்தது, கணினி விரைந்தது, மனநிறைவோடு வீட்டுக்குச் சென்றேன்.

மூன்று மாதங்களுக்குப் பிறகு ஒரு சொல்லின் ஒலிப்பைச் சரிபார்க்க வழங்கியில் தேடினேன். அடைவு அங்கும் இல்லை. மீட்டுத் தரும் காலவரம்பு கடந்துவிட்டது. என் நினைப்பில் பாதி சரி. அங்கே இருந்தது மூலம், இங்கே இருந்தது படி. ஆனால் படியில் கை வைத்தால் மூலமும் அதிரும் என்பதை நான் அறிந்திருக்கவில்லை. பிழை என்னுடையதே.

எஞ்சியது ஒன்றுதான். மாணவர் ஒருவருக்குக் காட்டுவதற்காக ஒருசில கடிதங்களை வெறும் உரைக் கோப்பாகக் குறுவட்டில் எழுதி வைத்திருந்தேன். அதே குறுவட்டில் திஸ்கி எழுத்துருவும் இருந்தது. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றினேன், படிக்க முடிந்தது. மற்றக் கடிதங்களில் இருந்த சொற்களுள் பலவற்றை என் குறிப்பேட்டிலிருந்து மீட்டேன். சொன்னவர் யார், எந்தத் தோட்டம், எந்தச் சூழல் என்பன மீளவில்லை. எழுதிய ஆசிரியர்களுள் சிலர் அதற்குள் காலமாகிவிட்டனர். அவர்கள் குறித்த தோட்டங்களுள் சில வீட்டுமனைகளாகிவிட்டன. மீண்டும் சென்று கேட்பதற்கு ஆளும் இல்லை, இடமும் இல்லை.

5. ஏடு கற்பித்த முறை

பனையோலை நெடுநாள் நிலைக்கும் பொருள் அன்று. செல்லும் ஈரமும் அதை அரிக்கும். நம் பழைய நூல்கள் நம்மை வந்தடைந்தது, தலைமுறைதோறும் யாரோ ஒருவர் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏடு எழுதியதனால்தான். படி எழுதி ஒப்புநோக்கிய பிறகே பழைய ஏட்டைக் களைய வேண்டும். அந்த ஒழுங்கு தவறிய இடங்களும் உண்டு. படியெடுக்காமலேயே பழைய ஏடுகள் ஆற்றிலும் தீயிலும் இடப்பட்டன. தாம் தேடிச் சென்ற ஏடுகளுக்கு அந்நிலை நேர்ந்ததை உ.வே. சாமிநாதையர் தம் வாழ்க்கை வரலாற்றில் வருத்தத்தோடு பதிவு செய்திருக்கிறார்.

ஏடுகளை அவ்வாறு போக்கியவர்கள் கொடியவர்கள் அல்லர். இடம் அடைந்து கிடந்தது. எழுத்து அவர்களுக்குப் படிக்க வரவில்லை. வேறெங்கோ இருக்கும் என்று நம்பினார்கள். அன்று பிற்பகல் என் மனநிலையும் இம்மூன்றும் சேர்ந்ததே. படிக்க முடியாத குறிகளாகத் தெரிந்த கடிதத்தை அழிக்கக் கை எளிதில் நீண்டது.

அறிவோடு செய்யப்பட்ட மாற்றத்துக்கும் நம்மிடையே முன்மாதிரி உண்டு. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை அக்காலக் குறியேற்றங்களில் வெளியிட்டது. ஒருங்குறி நிலைபெற்றபோது நூல்களை அதிலும் மாற்றித் தந்தது. குறியேற்றம் மாறியது, நூல்கள் தொலையவில்லை.

6. செய்யத்தக்கவை

மேற்கூறிய வரலாற்றிலிருந்து சில நடைமுறைகளை வகுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, மூலம் எங்கே என்று உறுதி செய்தல். வேறொரு கணினியில் உலாவி வழியாக உங்கள் அஞ்சல் கணக்கைத் திறந்து, மிகப் பழைய கடிதம் ஒன்றைத் தேடுங்கள். அது அங்கே இருந்தால் உங்கள் கணினியில் இருப்பது பெரும்பாலும் படி. இல்லையேல் உங்கள் கணினியில் இருப்பதே மூலம். ஒரு கடிதத்தோடு நின்றுவிடாமல் ஒவ்வோர் அடைவிலும் பாருங்கள்.

இரண்டாவது, மூலம் உங்கள் கணினியில் இருந்தால், எதையும் செய்வதற்கு முன் கோப்பை வேறொரு வட்டில் படியெடுத்து, அந்தப் படி திறக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகு கடிதங்களை அளவு வாரியாக வரிசைப்படுத்துங்கள். ஒருசில இணைப்புகளே பெரும்பகுதி இடத்தை அடைத்திருப்பதைக் காண்பீர்கள். வேண்டிய இணைப்புகளைத் தனியே சேமித்துவிட்டுக் கடிதத்திலிருந்து நீக்குங்கள். கடிதத்தின் உரையை விட்டுவையுங்கள். இறுதியில் குப்பைக்கூடையைக் காலி செய்து இறுக்கல் செய்யுங்கள்.

மூன்றாவது, உங்களிடம் இருப்பது படியானால், கடிதங்களை அழித்து அதைச் சிறிதாக்க முயலாதீர்கள். எத்தனை மாதக் கடிதங்களைக் கணினியில் வைப்பது என்னும் வரம்பைக் குறையுங்கள். பழையவை வழங்கியில் இருக்கும். வேண்டும்போது அங்கே தேடலாம். மென்பொருளைப் புதுப்பித்த பின்னும் படிக்கோப்பு பருத்தே இருந்தால், அனுப்பாத கடிதம் ஏதும் தேங்கவில்லை என்று பார்த்து, மென்பொருளை மூடி, படிக்கோப்பின் பெயரை மாற்றி வையுங்கள். மென்பொருள் புதிய படியை எழுதிக்கொள்ளும். எல்லாம் சரியாக இருப்பதைச் சில நாள் கண்ட பிறகு பழைய படியை அகற்றுங்கள்.

நான்காவது, ஆய்வுக்கும் மொழிக்கும் பயன்படும் கடிதங்களை எந்த ஒரு நிறுவனத்தின் கோப்பு வடிவத்தையும் சாராத வெறும் உரையாகவும் சேமியுங்கள். ஒருங்குறிக்கு முந்தைய தமிழ்க் கடிதமானால் மாற்றப்படாத மூலம், ஒருங்குறிக்கு மாற்றிய படி, அக்கால எழுத்துரு, எந்தக் குறியேற்றம் என்னும் ஒரு வரிக் குறிப்பு ஆகிய நான்கையும் ஒன்றாக வையுங்கள். மாற்றும் கருவி எங்கேனும் பிழை செய்திருந்தால், மூலம் இருந்தால்தான் திருத்த முடியும்.

முடிவுரை

மின்னஞ்சல் பருமனைக் குறைப்பது தூய்மைப் பணி போலத் தோன்றுகிறது. உண்மையில் அது எதை வைப்பது, எதை விடுவது என்னும் தேர்வு. அத்தேர்வை முன்பு புலவர்களும் பதிப்பாசிரியர்களும் செய்தார்கள். இன்று கணினியில் கடிதம் எழுதும் ஒவ்வொருவரும் செய்கிறோம். பெரும்பாலும் அறியாமலேயே செய்கிறோம். நம் நாட்டுத் தமிழின் 1990களும் 2000களும் எவ்வாறு இருந்தன என்று நாளை ஒருவர் ஆராயப் புகுந்தால், அச்சிட்ட நூல்களில் கிடைக்காத பலவற்றை அந்நாளைய கடிதங்களில்தான் தேட வேண்டும். ஆசிரியர்கள் ஊர்ச் சொற்களை எழுதியதும், தலைமையாசிரியர்கள் பள்ளிச் செய்தியைப் பகிர்ந்ததும், எழுத்தாளர்கள் கதையைத் திருத்தியதும் அவற்றில்தான் உள்ளன.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய கணினி ஒன்று உங்கள் பள்ளியிலோ வீட்டிலோ மூலையில் கிடக்குமானால், அதைப் பழைய பொருள் வாங்குவோரிடம் தருவதற்கு முன் அதிலுள்ள அஞ்சல் கோப்பைத் திறந்து பாருங்கள். புரியாத குறிகளாகத் தெரிந்தால் அவசரப்படாதீர்கள். எழுத்துருவை மாற்றிப் பாருங்கள். மாணவர்களிடமும் ஒரு வேண்டுகோள். அந்தக் கோப்புகளைப் படிக்கத்தக்கதாக மாற்றும் திறம் உங்கள் தலைமுறைக்கு எளிதாக வரும். உங்கள் ஆசிரியரிடம் கேட்டு ஓர் அடைவையேனும் மாற்றிக் கொடுங்கள். நான் இழந்த கடிதங்களைப் போன்றவை இன்னும் யாரிடமேனும் இருக்கலாம். அவற்றை மூலம் என்று அறிந்து காப்பதற்கு இப்பொழிவு உதவுமானால் அதுவே எனக்குப் போதும்.